தராசில் தொடங்கும் சவுக்காரம்



பரிசுத்த வேதாகமத்தில் யோபு, எரேமியா, மல்கியா ஆகிய மூன்று புத்தகங்களிலும் சவுக்காரம் பேசப்படுகிறது. தன் கைகளைச் சவுக்காரத்தால் கழுவினாலும் தேவனுக்கு முன் சுத்தமாக நிற்க முடியவில்லையே என்று யோபு பக்தன் அங்கலாய்க்கிறார். உவர்மண்ணையும் சவுக்காரத்தையும் எவ்வளவு சேர்த்தாலும் அக்கிரமத்தின் கறை போகாது என்று எரேமியா தீர்க்கதரிசி எச்சரிக்கிறார். மல்கியாவோ, தம்முடைய ஆலயத்துக்கு வருகிற ஆண்டவரையே வண்ணார் பயன்படுத்தும் சவுக்காரத்துக்கு ஒப்பிடுகிறார். நாம் தினமும் குளியலறையில் கையில் எடுக்கும் ஒரு சிறிய பொருளுக்கு வேதத்தில் இவ்வளவு இடம் இருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

அந்நாட்களின் சவுக்காரம் இன்றைய கட்டி சோப்பு அல்ல. உவர் நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்த காரம்தான் அது. நம் முன்னோர் சாம்பலால் பாத்திரம் துலக்கியதும், உவர்மண்ணால் துணி வெளுத்ததும் இதே முறையைச் சேர்ந்தவையே. பின்னர் இந்தக் காரத்தோடு எண்ணெயைச் சேர்த்துக் காய்ச்சக் கற்றுக்கொண்டபோது சோப்பு பிறந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் கடையில் சோப்பை 'சவர்க்காரம்' என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

ஆபிரகாமும் யாக்கோபும் தங்கிய சீகேம் இருந்த இடம், இன்றைய நாப்லஸ் பட்டணத்துக்குள் அடங்கியிருக்கிறது. சமாரிய ஸ்திரீ ஆண்டவரைச் சந்தித்த யாக்கோபின் கிணறும் அங்கேதான் உள்ளது. ஒலிவ எண்ணெய், தண்ணீர், காரம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு செய்யப்படும் சோப்புக்கு அந்தப் பட்டணம் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்றது. காய்ச்சிய சோப்பைத் தரையில் ஊற்றி, கையாலேயே துண்டுபோட்டு, காற்று உள்ளே புகுந்து போகும்படி உயரமான கோபுரங்களாக அடுக்கி உலர்த்துகிறார்கள். 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யுனெஸ்கோ நிறுவனம் இந்தக் கைத்தொழிலை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

அந்தக் கைத்தொழிலை மிகச் சிறிய அளவில், ஒரு வீட்டின் பின்கட்டில், பொழுதுபோக்காகச் செய்துவருகிறவள் நான். அதில் கற்றுக்கொண்டவற்றை, ஊரைவிட்டுப் பட்டணங்களில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர்

நான் வசிப்பது காணிப்பாக்கம். சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது. வரசித்தி விநாயகர் கோயிலால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர். இங்குள்ள கடைகளும் விடுதிகளும் ஆட்டோக்களும் கோயிலுக்கு வரும் பயணிகளை நம்பியே நடக்கின்றன. விசுவாசிகளின் குடும்பங்கள் சிலவே. ஆயினும் அக்கம்பக்கத்தாரோடு சமாதானமாக வாழ்ந்துவருகிறோம்.

1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம். 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். ஆகவே வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு. சோப்பைத் தெலுங்கில் 'சப்பு' என்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு சொற்களும் ஒன்றுதான்.

பிள்ளைகள் வளர்ந்ததும் வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ திருப்பதிக்கோ போய்விடுகிறார்கள். என் பிள்ளைகள் இருவரும் அப்படியே போனார்கள். வீடு திடீரென்று அமைதியானது. சாயங்கால ஜெபத்துக்குப் பாய் விரித்தால் இரண்டு பேர்தான். அந்த நாட்களில்தான் கைகளுக்கு ஒரு வேலை வேண்டுமென்று சோப்பு செய்யக் கற்றுக்கொண்டேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது பையில் புளி, வேர்க்கடலை, மாங்காய் ஊறுகாயோடு நான்கு கட்டி சோப்பும் போகும்.

எட்டு கிராம்

சோப்பு செய்வது சமையலைப் போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். சமையலில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் முகம் சுளித்துக்கொண்டு சாப்பிட்டுவிடலாம். இதிலே அப்படி முடியாது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். தேங்காயெண்ணெய் 500 கிராம், கடலையெண்ணெய் 400 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம். இந்த ஒரு கிலோ எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறுவதற்கு ஏறத்தாழ 158 கிராம் காஸ்டிக் சோடா தேவை. நான் போடுவது 150 கிராம். மீதி எட்டு கிராமைக் குறைத்துவிடுவதால், எண்ணெயில் சுமார் இருபதில் ஒரு பங்கு மாறாமல் சோப்புக்குள் தங்கி, தோலைக் காக்கிறது. இந்த எட்டு கிராமைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிப் போட்டால், மிச்சமாகும் காரம் சோப்பிலேயே நின்றுவிடும். அந்தச் சோப்பு அழுக்கை எடுப்பதோடு தோலையும் அரித்துவிடும்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் அதனதன் கணக்கு உண்டு. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிலோ கடலையெண்ணெய்க்கு ஏறத்தாழ 136 கிராமே போதும். தேங்காயெண்ணெய் விலை ஏறிவிட்டதென்று, காரத்தின் அளவை மாற்றாமல் கடலையெண்ணெயை அதற்குப் பதிலாக ஊற்றினால், வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் தெரியாது. நன்றாக உறையும், நன்றாகத் துண்டுபடும். ஆனால் குழந்தையின் உடம்பில் தேய்த்த பிறகுதான் அது தன் சுபாவத்தைக் காட்டும்.

டம்ளரால் அளப்பதும் ஆகாது. ஒரு லிட்டர் தேங்காயெண்ணெயின் எடை ஒரு கிலோ அல்ல. ஏறத்தாழ 920 கிராம்தான். ஆகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னணுத் தராசு இல்லாமல் யாரும் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகளில் வாசிக்கும்போது, சந்தையில் எடை குறைக்கும் வியாபாரியைத்தான் முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது என் சமையல் மேடையின் மேல் இருக்கும் தராசும் நினைவுக்கு வருகிறது.

தன்னை இழக்கும் இரண்டு பொருள்கள்

காஸ்டிக் சோடாவை எப்போதும் தண்ணீரில்தான் போடவேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். 300 கிராம் தண்ணீரில் 150 கிராமைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கும்போதே, அடுப்பில்லாமல் அது கை வைக்க முடியாதபடி சுடும். எழும் ஆவி தொண்டையை அடைக்கும். ஆகவே திறந்த வெளியில், கண்ணாடி அணிந்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்யவேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கவேண்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து, தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும்.

கரைசலும் எண்ணெயும் வெதுவெதுப்பாக ஆறிய பின், எண்ணெயில் கரைசலை மெல்ல ஊற்றி, இதற்கென்றே தனியாக வைத்துள்ள மத்தால் கடைகிறேன். முதலில் இரண்டும் ஒட்டாது. நேரம் போகப்போக நிறம் வெளுத்து, மோர்க்குழம்பு போலாகி, பின்பு இட்லி மாவின் பதத்துக்கு வரும். கரண்டியால் மேலே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மறையாமல் நிற்கவேண்டும். அதுவே அச்சில் ஊற்றும் பதம். மஞ்சள் தூள் சேர்த்தால், சுண்ணாம்பு பட்டது போல முதலில் சிவக்கும்.

எண்ணெயை மட்டும் தேய்த்தால் அழுக்குப் போகாது. காரத்தைத் தொட்டால் கை வெந்துவிடும். இரண்டும் கலந்து ஒன்றான பின்போ, எண்ணெயும் எண்ணெயாக இல்லை, காரமும் காரமாக இல்லை. சோப்பும், அதோடு கிளிசரின் என்ற மென்மையான பொருளும் அங்கே இருக்கின்றன. பெரிய தொழிற்சாலைகளில் பொதுவாக இந்தக் கிளிசரினைப் பிரித்தெடுத்து வேறு பயன்களுக்கு விற்றுவிடுகிறார்கள். வீட்டுச் சோப்பில் அது தங்கிவிடுகிறது. கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புதுச்சிருஷ்டியாகிறான் என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதினதைத் தியானிக்க இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

அச்சில் ஊற்றியது மறுநாள் உறைந்துவிடும். துண்டுபோட்டபின் நான்கு முதல் ஆறு வாரம் நிழலில், காற்றோட்டமாக அடுக்கி வைக்கவேண்டும். தண்ணீர் வற்றி, கட்டி இறுகி, தோலுக்கு மென்மையாகும். மழைக்காலத்தில் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், கட்டிகள் வியர்த்ததுபோல் நிற்கும். இந்த ஆறு வாரமும் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பார்வைக்கு முதல் வாரமே தயாரானதுபோல் இருக்கும். அவசரப்பட்டுப் பயன்படுத்தினால் சோப்பும் விரைவில் கரைந்துபோகும்.

உறையின்மேல் ஒரு வரி

சோப்பு செய்வதைக் காட்டிலும், செய்த சோப்பைப் பற்றி உண்மை பேசுவது கடினம் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் அறிந்துகொண்டேன்.

சென்னையில் கடை வைத்திருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் சேர்க்கிறீர்கள் அல்லவா? சொறி, சிரங்கு, படை, வெண்புள்ளி எல்லாம் நீங்கும் என்று உறையின்மேல் ஒரு வரி அச்சடித்துவிடலாம். ஜெபித்துச் செய்த சோப்பு என்றும் சேர்த்துவிட்டால் நம் சபையாரே தேடி வந்து வாங்குவார்கள். மாதம் இருநூறு கட்டி நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இருநூறு கட்டி என்றால் எவ்வளவு பணம் என்று மனம் உடனே கணக்குப் போட்டது. அன்று இரவு கணவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "வெண்புள்ளி உள்ள ஒருவர் இதை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால், அந்த ஆறு மாதத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பாரத்தை எங்கள் பகுதியில் வாழ்கிறவர்கள் அறிவார்கள். வேலூருக்கு அருகே காரிகிரியில் 1955ஆம் ஆண்டு முதல் தொழுநோய்க்கான ஆராய்ச்சி மருத்துவமனை நடந்துவருகிறது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய வரலாறு உலகம் அறிந்தது. தோலில் நிறம் வெளுத்த ஒரு தழும்பு, தொட்டால் உணர்ச்சியில்லாத ஒரு தழும்பு, இந்த நோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். அப்போதே மருத்துவரிடம் போனால் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். தாமதித்தால் நரம்புகள் கெட்டு, விரல்கள் மடங்கி, இழந்த உணர்ச்சி திரும்பாமலே போய்விடலாம். எல்லா வெண்புள்ளியும் தொழுநோய் அல்ல. ஆனால் எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலையேயன்றி, சோப்பின் வேலை அல்ல.

வீட்டில் பிறந்த சோப்பு பெரிய பெயர் பெற்றதும் உண்டு. தென்னக இரயில்வேயில் மருத்துவராகப் பணியாற்றிய வி.பி. சித்தன், தொழிலாளர்களுக்கு வரும் தோல் உபாதைகளைக் கண்டு, தம் குடும்பத்தின் பாரம்பரிய வைத்திய முறையில் 18 மூலிகைகளைக் கொண்டு, 1969இல் சென்னையில் தம் வீட்டுச் சமையலறையில் மனைவியின் துணையோடு ஒரு சோப்பை உருவாக்கினார். அதுவே மெடிமிக்ஸ். ஆனால் அவர் தோலைப் பார்த்து நோயறியக் கற்ற மருத்துவர். அவருடைய சமையலறையை மட்டும் பார்த்து, அவருடைய படிப்பைப் பாராமல், நாமும் அப்படிச் சொல்லலாம் என்று துணிவது சரியல்ல.

எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு தம் நிருபத்தில் எழுதினார். அதற்கு விலை எழுதவில்லை. தேவன் சுகமளிக்கிறவர் என்று நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அதனாலேயே அவருடைய நாமத்தை முப்பது ரூபாய்க் கட்டியின் உறையில் அச்சடிக்க என் கை வரவில்லை.

தம்பியிடம் முடியாது என்று சொன்னேன். பல மாதங்கள் அவர் சரியாகப் பேசவில்லை. கூரையைக் கணவரின் சம்பளத்திலிருந்து மெல்ல மெல்லச் சரிசெய்தோம். இப்போது ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் வீட்டுக்கென்று இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு போகிறார்.

பட்டணத்து வீடுகளில்

வாடகைப் போர்ஷனில் வாழும் சகோதரிகள் சிலர், இதை நாங்களும் செய்யலாமா என்று கேட்கிறார்கள். ஒரே அறையில் சமையலும் படுக்கையுமாக, தவழும் குழந்தையோடு வாழ்கிறவர்கள் காஸ்டிக் சோடாவை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சர்க்கரை போலத் தோன்றும் அதைக் குழந்தை ஒரு முறை வாயில் வைத்தால் போதும், உணவுக்குழாய் வெந்துபோகும். அப்படிப்பட்டவர்களுக்கு, முன்னரே காரம் மாறி முடிந்த சோப்பு பேஸ் கடைகளில் கிடைக்கிறது. அதை உருக்கி, வாசனை சேர்த்து, அச்சில் ஊற்றினால் போதும். கைவேலையின் சந்தோஷம் அதிலும் உண்டு.

தனி இடமும் பொறுமையும் உள்ளவர்கள் செய்யலாம். காஸ்டிக் சோடாவைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி, பூட்டி வையுங்கள். கையில் பட்டால் வினிகரைத் தேடாமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

நிறத்துக்காகச் செஞ்சந்தனப் பொடி வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். செம்மரம் எங்கள் சேஷாசலம் மலைப்பகுதிக்கே உரிய அரிய மரம். அதைத் திருட்டுத்தனமாக வெட்டப் போய்ச் சிறையில் கிடக்கும் ஏழைக் கூலிகளில் தமிழர் பலர். உரிய ரசீது இல்லாத பொடியைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கும் அன்பளிப்புக்கும் செய்வது ஒன்று; விற்பது வேறு. சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுவதால், விற்பனைக்குத் தயாரிக்க 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி உரிமம் பெறவேண்டும். தொழுநோய், வெண்புள்ளி முதலான நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் தடுக்கிறது. உண்மையை வேதமும் கேட்கிறது, நாட்டின் சட்டமும் கேட்கிறது.

அப்படியானால் நம் சோப்பைப் பற்றி என்னதான் சொல்லலாம்? அது அழுக்கைக் கழுவும் என்று தயங்காமல் சொல்லலாம். அது சிறிய காரியம் அல்ல. 2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்று பரவியபோது, சோப்பிட்டுக் கை கழுவுங்கள் என்று உலகம் முழுவதும் மன்றாடியது. அந்தக் கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைச் சாதாரண சோப்பே உடைத்துவிடும் என்பதுதான் காரணம். தன் வேலையைத் தானே செய்யும் பொருளுக்கு இல்லாத மகிமையைச் சேர்க்க வேண்டியதில்லை.

பிரியமானவர்களே, பட்டணத்தில் பிழைப்பைத் தேடும் நம் பிள்ளைகளுக்கு முன்பாகவும் இப்படிப்பட்ட உறைகள் தினந்தோறும் வைக்கப்படுகின்றன. வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி, கணக்கேட்டில் ஒரு வரி, சரக்கின்மேல் ஒரு வரி. எழுதினால் லாபம், எழுதாவிட்டால் ஒழுகும் கூரை. அந்த நேரத்தில் எட்டு கிராமும் பெரிது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தராசையும் நம் நாவையும் ஒன்றுபோல் உண்மையாகக் காக்கும்படி, நம் ஒவ்வொருவருக்கும் கர்த்தர் கிருபை தருவாராக. ஆமென்.